ஒன்பதாம் அத்தியாயம், நாற்பத்தொரு பிரதிகள்

மார்ச் 3

ஆபரேட்டருக்கு,

நான்கு நாள் முன்பு நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்று காலை பத்தரை மணிக்கு வாசகர் கூட்டம். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், முப்பது நிறைந்தது. பேச வந்த பேராசிரியர் நம் மொழிபெயர்ப்பு நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து கடைசிப் பக்கத்தை வாசித்தார். (‘நம்’ என்றுதான் எழுதுகிறேன், கோபப்படாதே.) துறைமுகத்தில் மூட்டைகளை எடை போடும் பெண்ணுக்குத் தம்பி இறந்த செய்தி வருகிற இடம். ‘அழுகை அவள் வழியாகப் போகாமல் அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.’ அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இந்த வரி எப்படிம்மா வந்துச்சு உங்களுக்கு?”

“தானா வந்துச்சு சார்” என்றேன். கை தட்டினார்கள்.

நான் சொல்லாமல் விட்டது: அந்த வரி எனக்கு வந்ததா, உனக்கு வந்ததா என்று எனக்கே ஞாபகம் இல்லை. நூலகத்தின் அடித்தளத்தில், நீ ஆபரேட்டராக இருந்த இயந்திர அறையில், மதிய இடைவேளைகளில் இரண்டு வருடம் சேர்ந்து செய்த புத்தகம் அது. மூல நூலை மடியில் வைத்துக்கொண்டு நான் முதல் பிரதியை அடிப்பேன், பிறகு நீ திருத்துவாய். நீ திருத்தியதெல்லாம் லகர ளகரப் பிழைகள்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பேராசிரியர் கேட்ட நொடியில் அது உறுதியாகத் தெரியவில்லை. அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

கூட்டம் முடிந்து வந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. புத்தக அலமாரியை இரண்டு முறை மாற்றி அடுக்கினேன்.

பதிப்பாளர் அம்மா இரண்டு செய்தி சொன்னார். மொழிபெயர்ப்புப் பரிசுக்கான கடைசி ஏழு புத்தகங்களில் நம்முடையதும் இருக்கிறது, ஜூனில் முடிவு. அதற்குள் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் ஏப்ரல் முப்பதுக்குள் சொல்ல வேண்டும்.

மூன்று வருடம் முன்பு நீ வேலையை விட்டுப் போன அன்று என் மேசை இழுப்பறையில் ஒரு குறுந்தட்டை வைத்துவிட்டுப் போனாய். ‘எல்லாம் இதில்’ என்று ஒட்டியிருந்தது. நான் அதைத் திறந்ததே இல்லை. முடிவான தமிழ்ப் பிரதி கையில் இருந்தது, அதை வைத்தே அச்சுக்குக் கொடுத்தேன். இப்போது போட்டுப் பார்த்தால் என் மடிக்கணினிக்கு அதன் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தேடிப் படித்து ஓர் எமுலேட்டரை இறக்கியிருக்கிறேன். ஒரு கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு வேறொரு கணினியாக நடிக்கும் மென்பொருள். நம் அடித்தளத்து இயந்திரமாக அது நன்றாகவே நடிக்கிறது. பச்சை எழுத்துகள் ஓடுகின்றன, நிற்கின்றன, பிறகு தேதியும் நேரமும் கேட்கிறது. இன்றைய தேதியைக் கொடுத்தால், அனுமதிகள் காலாவதியாகிவிட்டன என்று சொல்லி வெளியே நிறுத்துகிறது.

மூன்று நாளாக வாசலிலேயே நிற்கிறேன். அப்போதெல்லாம் நீ உள்ளே நுழைந்து கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருப்பாய், நான் உட்காருவேன். எப்படி நுழைவது என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

போனை நீ எடுப்பதில்லை. பழைய பணியாளர் பதிவேட்டில் உன் அக்கா வீட்டு முகவரி இருந்தது. தப்பென்றால் மன்னித்துவிடு.

புழு


மார்ச் 10

புழுவுக்கு,

உன் கடிதத்தை அத்தான் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். “இந்தக் காலத்துல உனக்கு லெட்டர் போட ஒரு ஆளா? யாரும்மா அந்த மகராசன்?” என்று கேட்டார். மகராசன் இல்லை, ஒரு புத்தகப் புழு என்றேன். அக்கா பிள்ளைகள் இரண்டும் அன்று முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தன.

போனை ஏன் எடுக்கவில்லை என்றால், உன் குரலைக் கேட்டால் சண்டை போடுவேன், இல்லை சமாதானமாகிவிடுவேன். இரண்டுக்கும் எனக்கு நேரமில்லை. மருந்துக் கிடங்கில் வேலை. எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கணினியிடம் கேட்பேன், அது தப்பாகச் சொல்லும், நான் போய்த் தேடுவேன்.

உன் கேள்விக்குப் பதில். அந்த இயங்குதளத்துக்கு உரிமம் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது. இன்றைய தேதியைச் சொன்னால் அது உள்ளே விடாது. பொய் சொல். நாம் இருந்த வருடத்தில் ஏதாவது ஒரு நாளைக் கொடு, நம்பிவிடும். வருடம், மாதம் என்று உன் இஷ்டத்துக்குக் கொடுக்காதே. முதலில் நாள், பிறகு மாதத்தின் முதல் மூன்று எழுத்து, பிறகு வருடம், நடுவில் சிறு கோடு. பயனர் பெயர் என் பெயர்தான். கடவுச்சொல், நம் மேற்பார்வையாளருக்கு நாம் வைத்த பெயர், பின்னாலிருந்து முன்னால்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். அதன் கணக்கில் இது பழைய நாள். இப்போது நீ உள்ளே போய் எதை எழுதினாலும் அன்றைக்கே எழுதியதாகத்தான் அது பதிந்து வைக்கும். வரி யாருடையது என்று தேடப்போன இடத்தில் புதிதாக ஒன்றை எழுதி வைத்துவிடாதே.

சும்மா சொன்னேன். நீ அப்படிச் செய்யமாட்டாய். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் பக்கத்தைப் பற்றி நான் பேசமாட்டேன். என் பேரே வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீயும் அதைக் கேட்டுக்கொண்டாய், அட்டையில் பார்த்தேன்.

ஆ.


மார்ச் 16

ஆபரேட்டருக்கு,

உள்ளே போய்விட்டேன். எந்த நாளைக் கொடுப்பது என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். நாம் சண்டை போட்ட நாளுக்கு முந்தின நாளைக் கொடுத்தேன். அது ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் இதை எனக்குத் தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. ஒரு டாலர் குறி, அதன் பக்கத்தில் துடிக்கும் கட்டம், அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் பெரிய எழுத்திலேயே பதில் சொல்கிறது, காது கேட்காதவரோடு பேசுகிற மாதிரி. வேறு கணினிகளில் எனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் ‘அறியாத வினைச்சொல்’ என்று திருப்பி அனுப்பியது. இலக்கணம் பேசும் இயந்திரத்தை இப்போதுதான் பார்க்கிறேன். உதவி கேட்டால் மட்டும் மனம் இளகிப் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. அதைப் படித்துப் படித்து இரண்டு நாளில் கொஞ்சம் நடமாடக் கற்றுக்கொண்டேன்.

அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். “நீ அதை முறைக்கிறியா, அது உன்னை முறைக்குதா?” இரண்டும்தான் என்றேன்.

கோப்புகளின் பட்டியலைக் கேட்டபோது திகைத்துப்போனேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் அரைப்புள்ளி, பிறகு ஓர் எண். அத்தியாயம் ஒன்பது மட்டும் நாற்பத்தொரு முறை இருக்கிறது. உதவியைப் படித்த பிறகுதான் விளங்கியது. இந்த இயங்குதளம் எதன் மேலும் எழுதாது. சேமிக்கும்போதெல்லாம் பழையதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த எண்ணில் புதிதாக ஒன்றை வைக்கும். நாம் மாற்றியது, அடித்தது, திரும்ப வைத்தது எல்லாம் வரிசையாக இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றின் மேலும் உன் பெயர். நான் உன் கணக்கில்தானே உட்கார்ந்தேன்? எந்தப் பிரதி யார் கை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளேயே எவ்வளவு நடந்தேன் என்று தெரியாது, அம்மா என்னைத் துணி உலர்த்த அனுப்பினார்.

துணி உலர்த்தும்போதுதான் தோன்றியது. அந்த இயந்திரத்தில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடித்தோம். ழகரத்துக்கு நீ இரண்டு எழுத்து போடுவாய், நான் ஒற்றை எழுத்து போடுவேன். ‘ஒரு எழுத்துக்கு எதுக்கு இரண்டு?’ என்று நான் கேட்பேன், ‘அது ழகரம்டி, மரியாதை வேண்டாமா?’ என்பாய். ஞாபகம் இருக்கிறதா?

ஓடிவந்து பார்த்தேன். அந்த வரி முதலில் தலைகாட்டுவது பதினான்காம் பிரதியில். அழுகையின் ழ ஒற்றை எழுத்து. வழியின் ழவும் ஒற்றை எழுத்து.

அது என்னுடையது.

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. கூட்டத்தில் நான் பொய் சொல்லவில்லை. இனி முதல் பக்கத்தை அப்படியே விடலாம், முன்னுரையில் உனக்கு நன்றி சொல்லி ஒரு பத்தி சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். உனக்குச் சம்மதம்தானே?

புழு


மார்ச் 24

புழுவுக்கு,

வாழ்த்துகள்.

நன்றிப் பத்தி வேண்டாம். நன்றி சொல்லத் தோன்றினால், சண்டை நடந்த அன்று நீ சொன்னதையும் சேர்த்துப் போடு. உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. நீ நான்கு நாள் விடுப்பில் போயிருந்தாய், நான் ஒன்பதாம் அத்தியாயத்தின் முடிவை மாற்றி வைத்திருந்தேன். வந்து பார்த்தாய். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கிறார், தபால் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். “பிழை பார்க்கத்தானே உன்னைக் கேட்டேன்?” என்றாய். கத்தக்கூட இல்லை. பிழை பார்க்கத்தானே. அந்த ‘தானே’ மூன்று வருடமாக என் காதில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் என் பேரே வேண்டாம் என்றேன்.

இப்போது மறுபடியும் பிழை பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். தேதியை எப்படி அடிப்பது, கடவுச்சொல் என்ன. நானும் சமர்த்தாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நாற்பத்தொரு பிரதியில் ஒரே ஒரு வரியைத் தேடிப் பார்த்தாய். கிடைத்ததும் மூடிவிட்டாய். அந்த வரிக்கு முன்னால் ஒரு பக்கம் இருக்கிறதே, அது இல்லாமல் அந்த வரியை யார் இரண்டு முறை வாசிப்பார்கள்? நான் எதுவும் சொல்லவில்லை. நீ பார்க்கவும் வேண்டாம்.

உனக்குத் தெரிந்த ஒரே கட்டளை இருக்கிறதே, அதை அடித்துவிடு. பெருக்கு. எல்லாம் போகட்டும். கடைசிப் பிரதி ஒன்று மட்டும் நிற்கும், அதில் எல்லா ழகரத்தையும் நான் ஒற்றை எழுத்தாக மாற்றி வைத்திருக்கிறேன், தமிழாக மாற்றித்தரும் நிரலுக்காக. அதில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நீயும் நிம்மதியாகப் பரிசு வாங்கு.

இதை மாத்திரைப் பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். நிமிர்த்தி எழுதப் பொறுமை இல்லை.

ஆ.


ஏப்ரல் 2

ஆபரேட்டருக்கு,

இது நான்காவது முறை எழுதும் கடிதம். முதல் மூன்றிலும் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று தொடங்கியிருந்தேன். சொன்னேனா? என் ஞாபகத்தில் நான் ‘என்னைக் கேட்டிருக்கலாமே’ என்றுதான் சொன்னேன். அப்படித்தான் மூன்று வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் உன் கடிதத்தில் அந்த வாக்கியத்தைப் படித்தபோது அதை என் குரலிலேயே கேட்டேன். சொன்னேன். ‘தானே’யோடு சேர்த்துச் சொன்னேன்.

நீ பார்க்க வேண்டாம் என்று எழுதியதால் பார்த்தேன்.

இரண்டு பிரதிகளுக்கு என்ன வேறுபாடு என்று காட்டும் ஒரு கட்டளை இதில் இருக்கிறது. முதலாவதையும் இரண்டாவதையும் கொடுத்தேன். பிறகு இரண்டையும் மூன்றையும். வருகிற பட்டியலைத் திரையில் படிக்க முடியவில்லை, ஓடிவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டே போனேன். சனிக்கிழமை காலையில் தொடங்கியது, மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முப்பதாவதை எட்டும்போது வட்டில் இடமில்லை என்று பெரிய எழுத்தில் கத்தியது.

அந்த நொடியில் என் விரல்கள் என்ன செய்தன என்று உன்னால் ஊகிக்க முடியும். இயந்திர அறையில் அந்தச் செய்தி வந்தால் நீ அறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பாய்: “புழு, ஒரு பெருக்கு போடு!” ‘பர்ஜ்’ என்ற கட்டளையை நீ அப்படித்தான் சொல்வாய். பெருக்கினால் குறையும் ஒரே இடம் இந்த அறைதான் என்று தினமும் ஒருமுறை சிரிப்பாய். நானும் யோசிக்காமல் அடிப்பேன், பழைய அட்டவணைக் கோப்புகள் போய் இடம் வந்துவிடும்.

அடித்துவிட்டேன். உன் கோபத்துக்காக இல்லை. பழக்கத்தில்.

டாலர் குறி அமைதியாகத் திரும்பி வந்து நின்றது. பட்டியலைக் கேட்டேன். ஒன்பதாம் அத்தியாயம் ஒன்றே ஒன்று, அரைப்புள்ளி, நாற்பத்தொன்று. மற்ற எல்லா அத்தியாயங்களும் அப்படியே, ஒவ்வொன்று. இரண்டு வருடம் போய்விட்டது.

இப்போது எழுதப்போவதைத்தான் மூன்று கடிதங்களில் எழுதவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். தெருவில் ஒருவர் காருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நன்றாகப் பசித்தது. நாட்கணக்கில் இப்படிப் பசித்ததில்லை. அம்மாவிடம் போய்ச் சாப்பாடு கேட்டேன், “முறைச்சு முடிச்சாச்சா?” என்றார். முடிந்தது அம்மா, எல்லாம் அழிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சந்தோஷமாகவே சொன்னேன். உனக்கும் அதையே எழுதுவதாக மனதில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். வருத்தம் தெரிவிக்கும் நல்ல வாக்கியம்.

பாதிச் சாப்பாட்டில்தான் உறைத்தது. நான் அழித்தது நகலை. எமுலேட்டர் ஓடுவது குறுந்தட்டிலிருந்து என் மடிக்கணினிக்கு எடுத்த ஒரு பிரதியில். குறுந்தட்டு உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. திரும்ப ஒருமுறை நகலெடுத்தால் போதும்.

கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா பயந்துபோய் என்னவென்று கேட்டார். “ஒண்ணும் அழியலம்மா” என்றேன். “அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?” என்றார்.

அழிந்துவிட்டது என்று நினைத்த இருபது நிமிடம் எனக்கு எவ்வளவு இலகுவாக இருந்தது என்பதை நான் பார்த்துவிட்டேன். அந்த வரி என்னுடையது என்று உறுதி செய்துகொள்ளத்தான் உள்ளே போனேன் என்று இதுவரை நினைத்திருந்தேன். என்னுடையது இல்லாததைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவசரமாக வெளியே வந்திருக்கிறேன்.

கை கழுவிவிட்டுத் திரும்ப நகலெடுத்தேன். ஐந்து நிமிடம் ஆனது. இந்த முறை எதையும் சேமிக்கவில்லை. திரையில் ஒவ்வொன்றாக, ஓடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் பிரதியை எழுதிக் காட்டுகிறேன், நீ சிரிப்பாய். ‘கருமுகில் கூட்டங்கள் வானத்தின் நெற்றியில் திரண்டு நின்ற அவ்வேளையில், துயரத்தின் நிழல் நீண்டு படர்ந்த துறைமுகத்தின் எடைமேடையருகே, மழையின் முதல் துளிகள் மூட்டைகளின் முதுகில் வீழ்ந்து சிதறின.’ வீழ்ந்ததும் மழையும் நிழலும் ஒற்றை எழுத்து. இது நான்.

ஆறாம் பிரதி: ‘மழை பிடித்தது. மூட்டைகளை உள்ளே இழுத்தார்கள். வரிசை கலையவில்லை.’ மழையில் இரண்டு எழுத்து. இது நீ.

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். உனக்கு அந்த மொழி தெரியாது, எனக்குத்தான் தெரியும். மூலத்திலும் அது மூன்று சின்ன வாக்கியம். மொழி தெரிந்த நான் அதைக் கெடுத்திருக்கிறேன், தெரியாத நீ சரியாக்கியிருக்கிறாய்.

மற்ற அத்தியாயங்களுக்கும் போனேன். நான்கு, ஏழு, பன்னிரண்டு, கடைசி. எல்லாம் இப்படித்தான். இருபத்திரண்டு அத்தியாயத்தில் ஒரு பக்கம்கூட நான் முதலில் எழுதிய மாதிரி இல்லை. மதிப்புரைகளை எடுத்து மறுபடி படித்தேன். ‘அலங்காரமற்ற நடை’, ‘சொற்சிக்கனம்’. பேராசிரியர்கூட அன்று ஒரு வரியைப் பற்றி ஒரு நிமிடமும் நடையைப் பற்றிப் பதினைந்து நிமிடமும் பேசினார். அந்தப் பதினைந்து நிமிடம் நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிவான பிரதியைப் படிக்கும்போதெல்லாம் ‘நன்றாக எழுதியிருக்கிறேன்’ என்று நினைத்திருக்கிறேன், அது பொய்யென்று ஒருநாளும் தோன்றவில்லை.

பதிப்பாளரிடம் சொல்லப்போகிறேன். இரண்டு பெயர். உன் சம்மதத்தை எழுதி அனுப்பு.

மன்னித்துவிடு என்று எழுத வருகிறது. அன்று சொன்னதற்கு அது போதாது. ஆனால் வேறு சொல் என்னிடம் இல்லை.

புழு


ஏப்ரல் 11

புழுவுக்கு,

கருமுகில் கூட்டங்கள்! அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அத்தான் மட்டும் “ஏன், நல்லாத்தானே இருக்கு?” என்றார். உனக்கு ஒரு ரசிகர் இருக்கிறார்.

நீ ரொம்ப உயரத்தில் தூக்கி வைப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூலத்தை மோப்பம் பிடித்தேன், கலை அது இது என்று யாரிடமும் சொல்லி வைக்காதே. மதிய இடைவேளை நமக்கு நாற்பது நிமிடம். அதில் நீ இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்வாய். மீதிப் பதினைந்தில் நான் சாப்பிட வேண்டும், உன் லகர ளகரம் பார்க்க வேண்டும். உன் வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். ஒரு வரியில் பிழை திருத்த மூன்று வரி தேட வேண்டும். அதனால் வெட்டினேன். வெட்டியதைப் படித்துப் பார்த்தால் புரிந்தது, அதனால் விட்டேன். சொற்சிக்கனம் என்கிறார்களே, அது சாப்பாட்டு நேரம்.

ஆனால் முழுக்க அப்படியும் இல்லை. இரண்டாம் வருடத்தில் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வெட்டிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. உன்னிடம் சொன்னதில்லை. நாவல் இருந்த இடத்தில் மட்டும் உன்னை நான் பெருக்கவிட்டதே இல்லை, கவனித்தாயா? எதற்காக வைத்திருந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருநாள் நீயாகவே கேட்பாய் என்று இருக்கலாம். கேட்கவில்லை. குறுந்தட்டை உன் இழுப்பறையில் வைத்தபோதும் அதே நினைப்புதான்.

அந்த வரி உன்னுடையது, சந்தேகமே வேண்டாம். இன்னொன்றும் பார்த்திருப்பாய், எழுதாமல் விட்டிருக்கிறாய். இருபத்தாறாம் பிரதியில் அந்த வரி இருக்காது. நான் அடித்துவிட்டேன், அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது. இருபத்தேழில் நீ திரும்ப வைத்திருக்கிறாய், ஒரு வார்த்தை பேசாமல். நான் திரும்ப அடித்தேன். நீ திரும்ப வைத்தாய். விடுப்பு முடிந்து வந்து நீ பார்த்தது அதைத்தான், நான்காவது தடவை அது போயிருந்தது. அன்றைக்கு அதற்குத்தான் அப்படிப் பேசினாய். உன் வாய் தப்பு. வரி தப்பில்லை. அதைப் படித்துவிட்டு, கடைசிப் பிரதியில் நானே திரும்ப வைத்தேன், வேலையை விடுவதற்கு முந்தின நாள்.

புத்தகத்தை இங்கே ஒரு கடையில் வாங்கினேன். என் பெயர் இருக்காது என்று தெரிந்தும் முதல் பக்கத்தை விரித்துப் பார்த்தேன்.

சம்மதம் எழுதி அனுப்பச் சொல்கிறாய். என்னைக் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், எனக்கு என்னைத் தெரியும். நீ கேட்டு, நான் வேண்டாம் என்று, நீ அதை எடுத்துக்கொண்டு போன கதை ஒருமுறை நடந்துவிட்டது.

ஆ.


ஏப்ரல் 27

ஆபரேட்டருக்கு,

கேட்கவில்லை. நேற்று பதிப்பகத்துக்குப் போனேன்.

பதிப்பாளர் அம்மா மெய்ப்புத் திருத்திக்கொண்டே கேட்டார், பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு அத்தியாயத்துக்கும் முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நான்கு பக்கம் படித்தார். அவருக்கு ழகரம் எல்லாம் தேவைப்படவில்லை. கருமுகிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பிறகு நிலைமையைச் சொன்னார். பரிசுக்கு விண்ணப்பித்தபோது மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயரும் ‘இது முழுவதும் என் உழைப்பு’ என்று என் கையெழுத்தும் போயிருக்கிறது. பட்டியலில் இருக்கும்போது இரண்டாவது பெயர் வந்தால் நடுவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

“ரெண்டு மாசம் பொறுத்துக்கோயேன்ம்மா. ஜூன்ல முடிவு தெரிஞ்சிடும். அப்புறம் மூணாம் பதிப்புல போட்டுக்கலாம். அந்தப் பொண்ணும் ஒண்ணும் கேக்கலையே?”

நியாயமாகத்தான் பேசினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, அதுதான் பயமாக இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் அந்தச் சனிக்கிழமையின் பசி திரும்ப எட்டிப்பார்த்தது. இரண்டு மாதம்தானே. அந்த ‘தானே’.

“அவ கேக்க மாட்டாம்மா. அதனாலதான் இப்பவே போடணும்” என்றேன்.

முதல் பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ‘தமிழில்’ என்று போட்டு, கீழே இரண்டு பெயர், உன்னுடையது முதலில். ‘உதவி’ என்றோ ‘பிழைத்திருத்தம்’ என்றோ எதுவும் இல்லை. நடுவர்களுக்கு நானே ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தேன். பேராசிரியருக்கும் ஒன்று எழுதினேன்: அந்த வரி தானாக வரவில்லை சார், நாலு முறை அடிபட்டு வந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். மனம் இலகுவாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. வழியெல்லாம், கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று இரண்டு முறை நின்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். “இதை மூணு வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா ஒரு ஸ்டாம்புகூடச் செலவாகியிருக்காது” என்றார்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

புழு


ஜூன் 19

ஆபரேட்டருக்கு,

நடுவர்கள் நம் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் இருந்த விவரம் தவறு என்பது காரணம். ஆறு புத்தகங்களில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள்.

இரண்டாம் பதிப்பு ஜூன் ஆறாம் தேதி இரண்டு பெயர்களோடு வெளிவந்தது. உனக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை இன்று வந்தது, உன் கையெழுத்தோடு.

புழு